மறந்துபோன இளையோர் நாவல்கள்: தூசி தட்டலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

பரண் பூனை:
நல்ல இளையோர் நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், வருகிற பதில்கள் பெரும்பாலும் 2000-க்குப் பிறகு வந்தவையாகவே இருக்கின்றன. மந்திரப் பள்ளிக்கூடம், ரத்தக்காட்டேரிக் காதல், சாகும்வரை சண்டை போட அனுப்பப்படும் பிள்ளைகள். அவற்றின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் 1960-களிலிருந்து 80-கள் முடியும்வரை பதின்வயதினருக்கென்றே எழுதப்பட்டவற்றில், இன்றைக்கு எடுத்தாலும் தூக்கத்தைக் கெடுக்கிற புத்தகங்கள் பேச ஆளில்லாமல் கிடக்கின்றன. மூன்று மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வில்லியம் ஸ்லீட்டரின் 'ஹவுஸ் ஆஃப் ஸ்டேர்ஸ்' (1974). பதினாறு வயது அநாதைப் பிள்ளைகள் ஐந்து பேர் கண்விழிக்கும் இடத்தில் சுவர் இல்லை, தரை இல்லை, கூரை இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் படிக்கட்டுகள். நடுவில் ஒரு யந்திரம். அதில் விளக்கு எரியும்போது அவர்கள் குறிப்பிட்ட ஏதோ ஒன்றைச் செய்தால் சாப்பாடு விழும். முதலில் நாக்கை நீட்டினால் போதும், அப்புறம் நடனமாட வேண்டும், அதற்கப்புறம் அது கேட்பது வேறு. ஆய்வுக்கூடத்து எலிகளுக்கும் புறாக்களுக்கும் பழக்கம் ஏற்றுகிற முறைதான் இது. ஆசிரியர் புத்தகத்தையே அந்த எலிகளுக்கும் புறாக்களுக்கும்தான் சமர்ப்பித்திருக்கிறார். ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய சின்ன நாவல், முடித்தபின் சாப்பாடு இறங்காது.

இரண்டாவது, ராபர்ட் கார்மியரின் 'ஐ ஆம் தி சீஸ்' (1977). ஒரு பையன் அப்பாவைப் பார்க்கக் குளிரில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறான். அத்தியாயங்களுக்கு நடுவே யாரோ ஒருவர் அவனைக் கேள்வி கேட்கும் ஒலிநாடாப் பதிவுகள் வருகின்றன. கேட்பவர் மருத்துவரா, விசாரணை அதிகாரியா என்பது தெரியாது. இதற்கு மேல் சொன்னால் பாவம்.

மூன்றாவது, மார்கரெட் மாஹியின் 'மெமரி' (1987). அக்கா செத்துப்போன துக்கத்தை ஐந்து வருடமாகச் சுமக்கும் பத்தொன்பது வயதுப் பையன், நினைவு தப்பிப்போன ஒரு கிழவியின் வீட்டில் போய் ஒதுங்குகிறான். அவனால் மறக்க முடியவில்லை, அவளால் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இவ்வளவுதான் கதை. காதலும் சாகசமும் பேருக்குத்தான் இருக்கின்றன.

அப்போது எழுதியவர்கள் இளம் வாசகரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகவில்லை. அந்தத் துணிச்சல் பிறகு குறைந்துவிட்டது என்பது என் எண்ணம். உங்களிடம் இருப்பதையும் சொல்லுங்கள்.

கறார் வாசகன்:
பட்டியல் வருவதற்கு முன்பே இந்தக் கடைசிப் பத்தி வரும் என்று தெரியும். பழைய இளையோர் நாவல்களைச் சிபாரிசு செய்கிறவர்களில் பாதிப் பேர் தங்களுடைய பதினைந்து வயதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். மறக்கப்பட்ட புத்தகங்களில் மிகப் பெரும்பாலானவை மறக்கப்பட வேண்டியவையே.

உதாரணம் தருகிறேன். இப்படிப்பட்ட பேச்சுகளில் தவறாமல் எழும் பெயர், ஜான் கிறிஸ்டஃபரின் 'ட்ரைபாட்ஸ்' வரிசை. முதல் பாகம் 1967. மூன்று கால் யந்திரங்கள் உலகை ஆள்கின்றன, பதினாலு வயதானால் தலையில் உலோகத் தொப்பி பதித்துச் சொந்தப் புத்தியை அடக்கிவிடுவார்கள். கற்பனை பிரமாதம்தான். ஆனால் தப்பித்துப் போகிறவர்கள் மூவரும் பையன்கள், எதிர்த்துப் போராடுகிறவர்களும் ஆண்கள். குறிப்பிடும்படி வருகிற ஒரே பெண் எலுவாஸ். அவளை அழகுக்காகத் தேர்ந்தெடுத்து ஆள்பவர்களின் நகரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் காட்சிப்பொருளாக அடைக்கப்பட்டுக் கிடக்கிறாள். இதை ஒரு பதினாலு வயதுப் பெண்ணிடம் கொடுத்து "இதில் நீயும் இருக்கிறாய்" என்று எப்படிச் சொல்வீர்கள்?

நல்லது தானாக நிற்கும். நிற்காததை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டியதில்லை.

மஞ்சள் பக்கம்:
"நல்லது தானாக நிற்கும்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது, பதிப்புத் தொழிலில் நடப்பது அதுவல்ல. ஆசிரியரைக் கண்டெடுத்த எடிட்டர் வேலை மாறுவார், பதிப்பகம் கைமாறும், நூலகத்தில் கிழிந்த பிரதிக்குப் பதில் வேறு புத்தகம் வாங்குவார்கள். புத்தகம் காணாமல் போய்விடும். தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கென்றே ஒரு விருது இருப்பது பலருக்குத் தெரியாது. ஃபீனிக்ஸ் விருது. குழந்தை இலக்கிய ஆய்வாளர்களின் சங்கம் ஒன்று 1985 முதல் தருகிறது. இருபது வருடத்துக்கு முன் வந்து, வந்தபோது பெரிய விருது எதுவும் வாங்காமல் போன புத்தகத்துக்குத்தான் இது. முதல் வருடம் ரோஸ்மேரி சட்க்ளிஃபின் 'தி மார்க் ஆஃப் தி ஹார்ஸ் லார்ட்' (1965) பெற்றது. பூனையார் சொன்னவற்றில் 'ஐ ஆம் தி சீஸ்' 1997-லும், 'மெமரி' 2007-லும் வாங்கின. மறுவருடம் பீட்டர் டிக்கின்சனின் 'ஈவா'.

சட்க்ளிஃப் பற்றி ஒரு வார்த்தை. விடுதலை கிடைத்த ஒரு கிளாடியேட்டர், உருவ ஒற்றுமையால் ஓர் இனக்குழுத் தலைவனாக நடிக்கப் போகிறான். ஆள்மாறாட்டக் கதை ஆயிரம் இருக்கின்றன. ஆனால் நடிக்கப் போனவன், நடித்த வேடத்தின் கடமையை நிஜமாகவே ஏற்க வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கும் அந்தக் கடைசிப் பக்கங்களுக்கு ஈடாக நான் அதிகம் படித்ததில்லை.

கறார் வாசகன்:
ஆய்வாளர்கள் விருது கொடுத்தால் ஆய்வாளர்கள் படிப்பார்கள். பதின்வயதினர் படிக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மாஹி பெயர் வந்ததால் கேட்கிறேன். அவருடைய 'தி சேஞ்ச்ஓவர்' (1984) பிரிட்டனின் சிறுவர் நூல் விருதான கார்னகி பதக்கம் வாங்கியது. அதில் கதாநாயகன் சாரி, பள்ளியில் சட்டாம்பிள்ளை மாதிரிப் பொறுப்பில் இருக்கும் மூத்த மாணவன். பதினாலு வயது லாராவைக் கேட்காமலே தொடுகிறான். கதை அதைக் காதலின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. டயானா வின் ஜோன்ஸின் 'ஃபயர் அண்ட் ஹெம்லாக்'கில் பாலிக்குப் பத்து வயதாக இருக்கும்போது பழக்கமாகும் வளர்ந்த ஆளே பின்னால் அவளுடைய காதலுக்கு உரியவனாகிறான். "அந்தக் காலம் அப்படி" என்பது எனக்குப் பதிலாகாது.

நள்ளிரவு வாசகி:
நானும் அந்தப் பதிலைச் சொல்லப் போவதில்லை. சாரியின் அந்தக் காட்சி எனக்கும் உறுத்தும். லாரா அவனுக்கு அடங்கிப்போகிற பெண் அல்ல, வாய்க்கு வாய் பதில் கொடுக்கிறாள் என்று சொல்லலாம், ஆனால் உறுத்தல் போகாது.

அதற்காக அந்தப் புத்தகத்தில் மற்றது என்ன என்று பார்க்காமல் போவதா? ஒரு கடைக்காரன் குட்டித் தம்பியின் கையில் விளையாட்டாக ஒரு முத்திரை குத்துகிறான். முத்திரையில் இருப்பது அவனுடைய முகம். அன்றிலிருந்து குழந்தையின் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது, அவன் பொலிவாகிறான். மருத்துவர்களால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தம்பியைக் காப்பாற்ற அவள் தன்னையே வேறு ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். வென்ற பிறகு அவளிடம் தலைதூக்கும் கொடூரத்தையும் மாஹி மறைக்கவில்லை. குறையை முன்கூட்டியே சொல்லிவிட்டு இதைக் கொடுப்பேன்.

அப்புறம், பழைய புத்தகம் என்றால் பெண்கள் விஷயத்தில் எல்லாமே மந்தம் என்று நினைக்க வேண்டாம். ராபர்ட் சி. ஓ'பிரையனின் 'இஸட் ஃபார் ஸக்கரையா' (1974) படித்திருக்கிறீர்களா? அணு யுத்தத்துக்குப் பின் ஒரு பள்ளத்தாக்கில் தனியாகப் பிழைத்திருக்கும் பதினாறு வயது ஆன். கதிர்வீச்சு புகாத உடையோடு ஓர் ஆள் வருகிறான். அவன் நோயில் விழும்போது இவள் காப்பாற்றுகிறாள். தேறிய பிறகு அவன் பேச்சு மாறுகிறது. எதை எங்கே விதைக்க வேண்டும் என்று தொடங்கி, அவள் எங்கே போகிறாள் என்பது வரை. எதுவும் சட்டென்று நடப்பதில்லை. அவளுடைய நாட்குறிப்பில், நேற்று விட்டுக்கொடுத்த சின்ன விஷயம் இன்று எப்படிப் பெரிதாகிறது என்பது நாளுக்கு நாள் தெரிகிறது. எது ஆபத்து, எது வெறும் முரட்டுத்தனம் என்று அவள் தனக்குள் வாதாடுகிற பக்கங்களை இன்றைய எந்த விழிப்புணர்வுப் பாடத்துக்கும் மேலாக வைப்பேன்.

ஆசிரியர் 1973-ல் இறந்துவிட்டார். குறிப்புகளை வைத்து மனைவியும் மகளும் முடித்துக் கொடுத்தார்கள். 2015-ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரவேண்டாம். ஆன் என்ற அந்தச் சிறுமியை வளர்ந்த பெண்ணாக்கி, நாவலில் இல்லாத மூன்றாவது ஆளைச் சேர்த்து, முக்கோணக் காதலாக்கிவிட்டார்கள். நாவலின் உயிரே அங்கே இரண்டே பேர் இருப்பதுதான்.

வயது 16:
இங்கே பதினாறு வயதில் நான் ஒருத்திதான் போல. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஹவுஸ் ஆஃப் ஸ்டேர்ஸ் படித்திருக்கிறேன். பிடித்தது. பழைய புத்தகம் என்றே தோன்றவில்லை, ஏனென்றால் அதில் ஊரும் இல்லை, பொருளும் இல்லை, படிக்கட்டு மட்டும்தான். லைக் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் இன்னும் கொஞ்சம் அசிங்கமாக ஏதாவது செய்வது என்று என் வயதில் நடக்கிறதே, அந்த யந்திரம் அதுவேதான். இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வர்ஜீனியா ஹாமில்டனின் 'எம்.சி. ஹிக்கின்ஸ், தி கிரேட்' எடுத்தேன், பாதியில் விட்டேன். நாற்பது அடி இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். வெகுநேரம் உட்கார்ந்தே இருக்கிறான்.

இன்னொன்று. பெரியவர்கள் "அந்தக் காலத்தில் எழுதினார்களே" என்று ஆரம்பித்தாலே மூடிவைக்கத் தோன்றும். கதையைச் சொல்லுங்கள், காலத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பரண் பூனை:
ஹா! இரும்புக் கம்பத்துக்கு மட்டும் வக்காலத்து வாங்க விடு, பெண்ணே. அவன் வீட்டுக்கு மேலே, மலையை வெட்டி நிலக்கரி எடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் ஒரு குன்றாக நிற்கிறது. எப்போது சரியும் என்று தெரியாது. அப்பாவோ அந்த மலையை விட்டு வரமாட்டார், அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிவந்த மூதாட்டி வந்து சேர்ந்த மலை அது. பையன் ஆடாமல் உட்கார்ந்திருப்பது அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டுதான். மெதுவான புத்தகம்தான், மறுக்கவில்லை. அமெரிக்காவின் சிறுவர் நூல் விருதான நியூபெரி பதக்கமும் தேசியப் புத்தக விருதும் சேர்த்து வாங்கியும் இன்று பேச்சில் இல்லை.

கறார் வாசகன்:
16 சொன்னதைக் கவனியுங்கள். அவளைத் தொட்டது, காலத்தின் அடையாளமே இல்லாத புத்தகம். பொருளும் பழக்கமும் நிறைந்த பழைய கதைகள் இன்றைய வாசகரிடம் எடுபடாது என்பதற்கு இதுவே சாட்சி. ஆகவே ஒன்று விட்டுவிடுங்கள், அல்லது புதுப்பியுங்கள். ஜூடி ப்ளூம் தன் 1970 நாவலில் பெண் மாதவிடாய்க்கு பெல்ட் கட்டும் இடங்களைப் பிற்பாடு ஒட்டும் நாப்கினாக மாற்றினார். யாருக்கும் நஷ்டமில்லை, புத்தகம் இன்னும் கைகளில் இருக்கிறது.

மஞ்சள் பக்கம்:
ப்ளூம் விஷயத்தில் சரி. பெல்ட்டா ஒட்டும் நாப்கினா என்பதால் அந்தப் பெண்ணின் பதற்றம் மாறுவதில்லை. ஆனால் லோயிஸ் டங்கன் கதை வேறு. 1970-களில் அவர் எழுதிய திகில் நாவல்களை 2010 வாக்கில் மறுபதிப்புச் செய்தபோது கைபேசி முதலியவற்றைச் சேர்த்துப் புதுப்பித்தார்கள். செய்தவர் ஆசிரியரே, வேறு யாரும் அல்ல. பிரச்சினை என்னவென்றால், உதவிக்குக் கூப்பிட வழியில்லை என்பதுதான் அந்தக் கதைகளின் அச்சாணி. கைபேசியைக் கொடுத்துவிட்டால், அது ஏன் வேலை செய்யவில்லை என்று ஒவ்வொரு முறையும் சாக்குச் சொல்ல வேண்டும். 1973-ல் நடக்கும் கதை என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் புரியும். அரண்மனையும் குதிரையும் வரும் கதையைப் படிக்கிறவர்களுக்குச் சுழற்று டயல் தொலைபேசி மட்டும் புரியாதா?

நள்ளிரவு வாசகி:
இதே காரணத்தால் எனக்குப் பிடித்தது, ஓட்ஃப்ரீட் ப்ராய்ஸ்லரின் 'க்ராபாட்' (1971). எழுதும்போதே முந்நூறு வருடம் பழையதாக எழுதிவிட்டார், இனிமேல் பழசாக ஒன்றுமில்லை. பிச்சையெடுத்துத் திரியும் பதினாலு வயதுப் பையன் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்கிறான். மாவு அரைக்கிற இடத்தில் மாந்திரீகமும் கற்றுத் தருகிறார்கள். பன்னிரண்டு சீடர்கள், சொன்னால் காக்கையாக மாறி உட்காருவார்கள். சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு, சக்தியும் கிடைக்கிறது. ஒவ்வொரு வருடக் கடைசி இரவிலும் ஒருவன் செத்துப்போகிறான். மறுநாளிலிருந்து அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ப்ராய்ஸ்லர் போருக்குப் போய், சோவியத் முகாம்களில் ஐந்து வருடம் கைதியாக இருந்தவர். தன் தலைமுறை அதிகாரத்தின் கவர்ச்சியில் சிக்கிய கதை இது என்று அவரே சொல்லியிருக்கிறார். சீடர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது.

கறார் வாசகன்:
க்ராபாட் மறந்துபோன புத்தகமா? 1972-ல் ஜெர்மன் இளையோர் இலக்கிய விருது வாங்கியது, 2008-ல் படமாகவும் வந்தது. ஜெர்மன் வாசகர் ஒருவர் உங்கள் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பார். ஆங்கிலத்தில் புழங்காததையெல்லாம் மறந்துபோனது என்று சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஓரத்து நாற்காலி:
இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தேன், இதற்கு மட்டும் வாய் திறக்கிறேன். கறார் சொன்னதைத் திருப்பிப் பாருங்கள். பூமணியின் 'வெக்கை' (1982) பற்றி ஏன் யாரும் இங்கே மூச்சு விடவில்லை? மையத்தில் இருப்பவன் பதினைந்து வயது சிதம்பரம். அண்ணனைக் கொன்றவனைக் கொன்றுவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். கொலையைவிட அப்பாவும் மகனும் சமைப்பதும் பதுங்குவதும் பேசிக்கொள்வதும்தான் அதிகம். 2019-ல் 'அசுரன்' வந்தபோது பேச்சு எழுந்தது, ஆனால் படம் அப்பாவின் கதையாகிவிட்டது. நாவல் பையனுடையது. அதை யாரும் இளையோர் அலமாரியில் வைத்ததில்லை. வைத்திருந்தால் பதினைந்து வயதில் எனக்குக் கிடைத்திருக்கும்.

கறார் வாசகன்:
வைக்காததே நல்லது என்பேன். இளையோர் முத்திரை குத்தியிருந்தால் பெரியவர்கள் தொட்டிருக்கமாட்டார்கள், அது எப்போதோ அச்சிலிருந்து போயிருக்கும். மறக்கப்படுவதற்கு அந்த அலமாரியே பாதிக் காரணம்.

பரண் பூனை:
முதல் தடவையாக உங்களோடு சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை. கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: தடை. நான்சி கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்' (1982), இரு பெண்களுக்கிடையிலான காதல் கதை. 1993-ல் கான்சஸ் நகரில் எரித்தார்கள், பக்கத்துப் பள்ளி வட்டாரம் ஒன்று நூலகத்திலிருந்து நீக்கியது, 1995-ல் நீதிமன்றம் திருப்பி வைக்கச் சொன்னது. அதனாலேயே அந்தப் பெயர் நிற்கிறது. எரிக்கக்கூட யாருக்கும் தோன்றாத அமைதியான புத்தகங்கள்தான் உண்மையில் சாகின்றன. 'மெமரி'யை யார் எரிப்பார்கள்?

கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது. ஓப்பன் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இரவல் வாங்கலாம் என்று இருந்தது. பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2024 மேல்முறையீட்டுத் தீர்ப்பும் அந்த நூலகத்துக்குப் பாதகமாகப் போனது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் இரவலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. பழைய புத்தகக் கடைகளில் துழாவ வேண்டியதுதான்.

மஞ்சள் பக்கம்:
சோகமாகவே முடியும் புத்தகங்களாக அடுக்குகிறீர்கள் என்று யாரோ சொல்லப் போகிறார்கள். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: கார்மியரின் 'தி சாக்லேட் வார்' (1974) கையெழுத்துப் பிரதியைப் பல பதிப்பகங்கள் முடிவை மாற்றச் சொல்லித் திருப்பின, அவர் மாற்றவில்லை. அதே ஆள் 'ஐ ஆம் தி சீஸ்' கதைக்குள் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையே போட்டுவைத்தார். படித்துவிட்டுக் கலங்கிப்போன பிள்ளைகள் கூப்பிட்டார்கள், அவர் எடுத்துப் பேசினார். பூனையார் முதலில் சொன்ன "கைத்தாங்கல் இல்லை" என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். புத்தகத்தில் ஆறுதல் தரமாட்டார், ஆனால் போனை எடுப்பார்.

வயது 16:
அது எனக்குப் பிடித்திருக்கிறது. சரி, எனக்கு அடுத்தது எது? ஒன்று மட்டும் சொல்லுங்கள், பட்டியல் வேண்டாம்.

நள்ளிரவு வாசகி:
இஸட் ஃபார் ஸக்கரையா. இரவில் தொடங்காதே.

பரண் பூனை:
மெமரி. மாஹி தன் அத்தையை அந்த நிலையில் பார்த்துக்கொண்டவர், கிழவி பேசும் ஒரு வரிகூடப் பொய்யாக இருக்காது.

ஓரத்து நாற்காலி:
வெக்கை. தேடி அலைய வேண்டாம், எளிதாகக் கிடைக்கும்.

கறார் வாசகன்:
ஐ ஆம் தி சீஸ். பின்னட்டையைப் படிக்காமல் நேராக முதல் பக்கத்துக்குப் போ. இதைச் சொன்னதால் என் வாதம் மாறிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ட்ரைபாட்ஸை இன்னும் யாரும் நியாயப்படுத்தவில்லை.

மஞ்சள் பக்கம்:
ட்ரைபாட்ஸுக்குத் தனித் திரி போடுகிறேன். எலுவாஸைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபிறகுதான் வில் என்ற கதாநாயகப் பையன், தான் அடிமையாக ஊழியம் செய்யும் எஜமானனை வெறுக்கத் தொடங்குகிறானா, அதற்கு முன்பா என்று இரண்டாம் பாகத்தைத் திரும்பப் படித்துவிட்டு வாருங்கள். அங்கே பேசலாம்.